தேக்காவின் ஞாயிற்றுக்கிழமை

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். செவ்வாயென்றால் நல்ல காரியம் வேண்டாம் என்று ஒதுக்குவோரும் உண்டு. கோள்களை விடுங்கள், பெரியோர்களே! விடியுமுன் பெரட்டுக்குக் கிளம்பும் உங்களுக்குத் தெரியாதா, திங்கட்கிழமை கால் ஏன் கனக்கிறதென்று? கிழமைக்குக் குணம் கொடுப்பது உழைப்பும் ஓய்வுந்தான். சிங்கப்பூர் சிராங்கூன் சாலையைப் பாருங்கள்.

1968ஆம் ஆண்டு வேலை நியமனச் சட்டம் வாரம் ஒருநாள் ஓய்வைத் தொழிலாளிக்கு உரிமையாக்கியது. (வீட்டு வேலைப் பெண்களுக்கு அந்த விதி 2013இல்தான் வந்தது!) கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் பாடுபட வந்த நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அந்த ஒருநாள் பெரும்பாலும் ஞாயிறு. ஆறுநாள் வாய் திறவாதவன்கூட தேக்காவில் ஊர்க்காரனைக் கண்டதும் ஓயாமல் பேசுவான். வீட்டுக்குப் பணம் அனுப்புவது, இலைச்சாப்பாடு, வீரமாகாளியம்மன் தரிசனம் எல்லாம் அன்றைக்கே. கூட்டத்தைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் உண்டு. 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு ரேஸ்கோர்ஸ் சாலையில் ஒரு தமிழ்த் தொழிலாளி பேருந்தில் அடிபட்டு மாண்டார், கலவரம் மூண்டது. அதன்பிறகு மதுவுக்குக் கட்டுப்பாடு வந்தது.

2020 ஏப்ரலில் கொரோனாவால் விடுதிக் கதவுகள் மூடின. ஞாயிறே இல்லாத வாரம் எப்படியிருந்திருக்கும், மாணவர்களே, எண்ணிப் பாருங்கள்! 2021 செப்டம்பரில்தான் சிறு குழுக்களாகத் தேக்காவுக்குப் போய்வர விட்டார்கள். 2022 ஜூனில் விதி தளர்ந்தது. மற்ற நாட்களில் வெளியே போகச் சீட்டு தேவைப்படவில்லை. ஞாயிறும் பொது விடுமுறையும் என்றால் தேக்கா உட்பட நான்கு இடங்களுக்குச் சீட்டு வேண்டியிருந்தது, நாளொன்றுக்கு 80,000 பேருக்கு. எந்தக் கிழமையிலே மனசு எங்கே ஓடும் என்று சர்க்காருக்கும் தெரிந்திருந்தது!