களவு போன கார்களும் வைக்காமல் விட்ட ஒரு சிப்பும்

2021 இல் அமெரிக்காவின் மில்வோக்கி நகரத்தில் களவு போன வாகனங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கியா, ஹியூண்டாய் கார்கள். எடுத்தவர்களில் கனபேர் பதின்ம வயதுப் பெடியள். அடுத்த வருசம் டிக்டொக் வழியாக இந்தப் பழக்கம் நாடு முழுக்கப் பரவியது. திறப்புக்குப் பதிலாக ஒரு யூஎஸ்பி வயரின் முனையே போதுமாக இருந்தது. உடனே எல்லாரும் டிக்டொக்கையும் பெடியளையும்தான் திட்டினார்கள். ஆனால் இந்தக் கதை அதற்குக் கனகாலம் முன்னமே தொடங்கிவிட்டது.

90களில் இம்மொபிலைசர் என்றொரு கருவி கார்களுக்குள் வந்தது. திறப்பின் தலைக்குள் ஒரு சின்னச் சிப் இருக்கும். அது அனுப்பும் குறியீட்டைக் கார் சரிபார்க்கும். பொருந்தாட்டி, பூட்டை உடைத்தாலும் எஞ்சின் ஓடாது. ஐரோப்பிய ஒன்றியம் 1998 இலும் கனடா 2007 இலும் புதிய கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கின.

அமெரிக்கா அப்படிச் செய்யவில்லை. அங்கே 1984 இல் வந்த சட்டம் கார்ப் பாகங்களில் அடையாள இலக்கம் பொறிக்கச் சொன்னது. களவு போன பிறகு கண்டுபிடிக்க அது உதவும், களவைத் தடுக்காது. இம்மொபிலைசர் வைப்பதும் விடுவதும் நிறுவனங்களின் விருப்பம் என்றே விடப்பட்டது.

பெரும்பாலான நிறுவனங்கள் தாங்களாகவே வைத்தன. 2015 ஆம் ஆண்டு மொடல்களை எடுத்துப் பாருங்கோ: மற்ற நிறுவனங்களின் கார்களில் 96 வீதமானவற்றில் இம்மொபிலைசர் இருந்தது, இந்த இரண்டு நிறுவனங்களின் கார்களில் 26 வீதத்தில்தான். இதே நிறுவனங்கள் கனடாவில் விற்ற கார்களில் அது இருந்தது. அப்ப, தொழில்நுட்பம் தெரியாமல் விட்டதில்லைத்தானே? சட்டம் கேட்ட இடத்தில் வைத்தார்கள், கேட்காத இடத்தில் விட்டார்கள். அதுவும் விட்டது பெரும்பாலும் விலை குறைந்த மொடல்களில்.

2023 பெப்ரவரியில் சுமார் 83 லட்சம் கார்களுக்கு இலவச மென்பொருள் தருவதாக நிறுவனங்கள் அறிவித்தன. அதற்குள் இந்தக் களவுகளோடு தொடர்புபட்டு 14 விபத்துகளும் 8 மரணங்களுமாவது பதிவாகியிருந்தன. சில காப்புறுதி நிறுவனங்கள் இந்தக் கார்களுக்குப் புதிதாகக் காப்புறுதி கொடுக்க மறுத்தன. கார்களைத் திருப்பி அழைக்க உத்தரவிடுங்கள் என்று பல மாநிலச் சட்டமா அதிபர்கள் கேட்டபோது, இம்மொபிலைசரைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்று மத்திய போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் பதில் சொன்னது. நிறுவனங்கள் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்: எங்கள் கார்கள் சட்டப்படி சரி.

களவெடுத்தவர்கள் செய்தது குற்றம், அதில் சந்தேகமில்லை. ஆனால் களவின் வரலாற்றைக் கள்ளர்களை வைத்து மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் வரும். 'சட்டப்படி சரி' என்ற அந்த வசனத்துக்குப் பின்னால் ஒரு சின்னச் சிப்பின் செலவு இருந்தது. அதை நிறுவனங்கள் மிச்சம் பிடித்தன. பிறகு அதைக் கட்டியது, விலை குறைந்த கார் எண்டு நம்பி வாங்கின சனம்.