கீழ்மீட்டும் மேல்மீட்டும்: கிற்றார் வாசிப்பில் விரைவு வளர்ந்த வரலாறு

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கருவியின் உடலையே ஆய்வுப் பொருளாகக் கொண்டனர். குடத்தின் வடிவு, தந்திகளின் தொகை, மரத்தின் இனம், செய்தவன் பெயர் ஆகியன அருங்காட்சியகங்களில் எஞ்சி நிற்பதே இதற்குக் காரணமாகும். கருவியை இயக்கிய கை எஞ்சுவதில்லை. ஒலிப்பதிவு தோன்றுவதற்கு முற்பட்ட காலத்துக் கையசைவுகளை ஓவியங்களிலிருந்தும், ஏடுகளில் இடப்பட்ட சில குறிகளிலிருந்தும், பாடநூல்களின் அறிவுரைகளிலிருந்துமே உய்த்துணர வேண்டியுள்ளது. இன்று கிற்றார் பயில்வோருக்கு முதற் பாடங்களுள் ஒன்றாகப் போதிக்கப்படும் மாற்றுமீட்டு முறையின் வரலாறும் இவ்வாறு உய்த்துணரப்பட வேண்டியதே.

'பிக்' என வாத்தியக்காரர் அழைக்கும் சிறு தகடான பிளெக்ரத்தைக் கொண்டு தந்தியை ஒருமுறை கீழ்நோக்கியும் அடுத்தமுறை மேல்நோக்கியும் இடைவிடாது மாறி மாறி மீட்டுவதே மாற்றுமீட்டு. இதன் பயன் எளிய கணக்கில் விளங்கும். நிமிடத்திற்கு 120 அடிகள் கொண்ட காலப்பிரமாணத்தில், அடிக்கு நான்கு சுரங்கள் வாசிப்பவர் ஒரு விநாடியில் 8 சுரங்களை ஒலிக்க வேண்டும். கீழ்மீட்டினை மட்டுமே கையாள்பவரின் கை விநாடிக்கு 8 முறை இறங்கி, 8 முறை ஒலியின்றி ஏற வேண்டும். மாற்றுமீட்டில் 4 இறக்கமும் 4 ஏற்றமும் போதும். வெறுங்கையாய்த் திரும்பிய பயணம் சுரமாகிவிடுகிறது. ஆயினும் இம்முறைக்கு உள்ளார்ந்த இடர் ஒன்று உண்டு. ஒரே தந்தியில் வாசிக்கும்வரை எல்லாம் செவ்வனே நடக்கும். மறுதந்திக்குத் தாவும்போது கை எத்திசையில் நிற்கிறது என்பதைப் பொறுத்துப் பிளெக்ரம் இடையிலுள்ள தந்தியைத் தாண்டியாக வேண்டும். இல்லையேல் இரு தந்திகளுக்கிடையே சிக்கிக்கொள்ளும். விரைவைத் தேடியோர் அனைவரும் ஏதோ ஒரு வகையில் விடைகாண முயன்ற வினா இதுவே.

பிளெக்ரம் மிகத் தொன்மையானது; பண்டைய கிரேக்கர் யாழ்வகைக் கருவிகளை அதனாலேயே மீட்டினர். எனினும் கிற்றாரின் வலக்கைக்கு நேரிய முன்னோடியாகக் கருதத்தக்கது அரபு நாட்டு ஊத் எனலாம். 822ஆம் ஆண்டில் பக்தாத் மரபை ஸ்பெயினின் கோர்தோபாவிற்குக் கொண்டுவந்த சிர்யாப், மரத்தாலான மீட்டுகருவியை விடுத்துக் கழுகின் இறகுத்தண்டைக் கைக்கொண்டார் என, எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதிய அல்-மக்கரி கூறுகின்றார். காலத்தால் மிகப் பிந்திய சான்று ஆதலால் இதனை அப்படியே ஏற்பதில் தயக்கம் வேண்டும். ஆயினும் வளைந்து கொடுக்கும் இறகு விரைவுக்கு ஏற்றது என்பதில் ஐயமில்லை. ஐரோப்பியர் இக்கருவியை ஏற்றபோது அதன் பெயரையும் உடன் ஏற்றனர். 'அல்-ஊத்' என்பதே 'லூட்' ஆயிற்று. பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை லூட்டும் இறகாலேயே மீட்டப்பட்டது.

அந்நூற்றாண்டின் இறுதியில் ஒரே கருவியில் பல குரல்களைச் சேர்த்து வாசிக்கும் வேட்கை எழுந்தது. அதற்கு இறகு உதவாது. பல தந்திகளை ஒருங்கே தொட விரல்களே வேண்டும். ஆகவே வாசிப்போர் படிப்படியாக இறகைக் கைவிட்டனர். இறகு சென்றாலும் இறகின் பழக்கம் செல்லவில்லை என்பதே இங்கு கவனத்திற்குரியது. 1507ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் பெத்ரூச்சி அச்சிட்ட ஸ்பினாச்சினோவின் லூட் நூல், லூட் இசைக்கென அச்சேறிய முதல் நூலாகும். அதன் முகப்பில் பாடத் தெரியாதோருக்கான விதி என ஒரு குறிப்பு உள்ளது. சுரக்குறியின் கீழே புள்ளி இல்லையெனில் கீழ்நோக்கி மீட்டுக. புள்ளி உண்டெனில் மேல்நோக்கி மீட்டுக என்பது அதன் சாரம். பெருவிரல் கீழ்நோக்கியும் சுட்டுவிரல் மேல்நோக்கியும் மாறி மாறி இயங்கின. இறகு பிடித்த கையின் அதே ஊசலாட்டம் இரு விரல்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது எனலாம். பெருவிரல் இறங்கும் சுரம் வலிது, சுட்டுவிரல் ஏறும் சுரம் மெலிது. தாளத்தின் வலியடிக்கும் மெலியடிக்கும் இவை இயல்பாகவே பொருந்தின. அச்சுக்கூடத்தில் இடப்பட்ட இச்சிறு புள்ளியே மேல்மீட்டு என்பது தற்செயலன்று, விதிக்கப்பட்டது என்பதற்கு நமக்குக் கிட்டும் தெளிவான தொடக்ககாலச் சான்று. அதே வேளை மேல்மீட்டு கீழ்மீட்டின் ஏவலாளாகவே நின்றதையும் அது காட்டுகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸில் மண்டலின் நாகரிகம் பரவியபோது இவ்வுறவில் மாற்றம் நேர்ந்தது. மண்டலினும் வயலினும் ஒரே சுருதியமைப்பு உடையவை. 1768ஆம் ஆண்டில் வெளிவந்த லியோனேயின் பாடநூல், வயலினிலிருந்து மண்டலினுக்கு மாறுவோரை நோக்கியே எழுதப்பட்டது என்பதை அதன் தலைப்பே உணர்த்தும். வில் பிடித்தவனுக்குத் திரும்பும் பயணம் வீண் என்ற எண்ணமே எழாது. வில் இழுத்தாலும் ஒலிக்கும், தள்ளினாலும் ஒலிக்கும். அந்நோக்கு இறகுக்கும் வந்து சேர்ந்தது. இன்று கிற்றார்ச் சுரங்களின் மேல் கீழ்மீட்டுக்கும் மேல்மீட்டுக்கும் அச்சிடப்படும் இரு குறிகளும் வயலின் வில்லின் குறிகளே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் மண்டலினில் உருக்குத் தந்திகள் வந்தபின், ஒரு சுரத்தை நீட்டிக் காட்டுவதற்காக இடைவிடாது அதிரமீட்டும் முறை அக்கருவியின் அடையாளமாயிற்று. அவ்வதிர்வில் ஏற்றமும் இறக்கமும் காதுக்கு வேறுபடக் கூடாது. மெற்றோனோம் என்னும் காலமானிக்கு 1815இல் மெல்ட்செல் உரிமம் பெற்றிருந்தமையால், விரைவை எண்ணிக்கையில் அளக்கும் வழியும் அந்நூற்றாண்டிலேயே திறந்தது.

அமெரிக்காவில் 1880ஆம் ஆண்டளவில் எழுந்த மண்டலின் மோகம், அதன்பின் வந்த பான்ஜோ, 1920களில் உருவான வளைமுகக் கிற்றார் ஆகியன பற்றி இங்கு விரித்தல் வேண்டா. பிளெக்ரம் பிடித்த கை ஒரு கருவியிலிருந்து மறு கருவிக்குப் பழக்கத்தோடு குடிபெயர்ந்தது என்பது போதும்.

பிரான்சில் நாடோடி ரோமா குலத்தினரிடையே வேறொரு தீர்வு வழங்கிற்று. ஜாங்கோ ரைன்ஹாட் (1910–1953) என்பாரின் இடக்கை 1928ஆம் ஆண்டுத் தீவிபத்தில் ஊறுபட்டதும், இரு விரல்களால் அவர் வாசித்ததும் பலரும் அறிந்த கதை. அக்கதையின் நிழலில் அவரது வலக்கை மறைந்துபோயிற்று. மின்பெருக்கி இல்லாத நடன மண்டபங்களில் அக்கோடியன் வாத்தியத்திற்கு ஈடாக ஒலிக்க வேண்டியிருந்தமையால், அம்மரபினர் கீழ்மீட்டின் முடிவில் பிளெக்ரத்தை அடுத்த தந்தியின்மீது சாய்த்து இளைப்பாற விட்டனர். புதிய தந்தி ஒவ்வொன்றையும் கீழ்மீட்டினாலேயே தொடங்கினர். இதனால் இரு கீழ்மீட்டுகள் அடுத்தடுத்து வரும்; மாற்றுமீட்டின் ஒழுங்கு குலையும். ஆயினும் ஒலி வலுக்கும், விரைவும் குறையாது. பிற்காலப் பாடநூல்களின்படி இது விதிமீறல். ரைன்ஹாட் அப்பாடநூல்களைக் கற்றவரல்லர்.

அமெரிக்கத் தென்புலத்தில் நிகழ்ந்தது இதற்கு மறுதலையானது. வட கரோலினாவின் டீப் கப் என்னும் சிற்றூரைச் சேர்ந்த டொக் வொட்சன் (1923–2012) சிறு வயதிலேயே கண்பார்வையை இழந்தவர். 1950களில் அவர் வாசித்த நடனக் குழுவில் வயலின் வாசிப்பவர் இல்லை. நடனமாட வந்தோரோ வயலின் மெட்டுகளையே கேட்டனர். வேறு வழியின்றி அம்மெட்டுகளை அவர் மின்கிற்றாரில் எடுத்தார். கலை வரலாற்றில் பெரும் மாற்றங்கள் பல இவ்வாறு ஆள் பற்றாக்குறையால் விளைந்தவையே. வயலின் நடனமெட்டு இடைவெளியின்றி ஓடும் சுரவரிசை. அதற்கு வலக்கை கடிகார ஊசல்போல் இயங்க வேண்டும். அடியில் கீழ்மீட்டு, அரையடியில் மேல்மீட்டு. சுரம் இல்லாத இடத்திலும் கை வெறுமனே அசைந்து தன் முறையைக் காக்கும். இங்கு விரைவு குறிக்கோளன்று. ஆடுவோரின் கால்களுக்குத் தாளம் தவறாமையே குறிக்கோள். விரைவு அதன் பயன். 1963இல் நியூபோர்ட் நாட்டாரிசை விழாவில் அவர் தோன்றியபின் ஒரு தலைமுறை இளைஞர் இவ்வூசலாட்டத்தைப் பயின்றனர்.

மேற்குக் கரையில் லெபனானியத் தந்தைக்குப் பிறந்த டிக் டேல் (1937–2019), கிழக்கு மத்தியதரைப் பாடலான 'மிசிர்லூ'வை 1962இல் மின்கிற்றாரில் பதிவுசெய்தார். தடித்த தந்தி ஒன்றில் இயந்திரத் துப்பாக்கிபோல் அதிரும் அம்மீட்டுக்கு, உறவினரிடம் கற்ற தரபுக்கா மேளமே ஊற்று என்று அவர் கூறியதுண்டு. ஊத் பயின்ற குடும்பச் சூழலும் அவருக்கு இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்குமுன் கோர்தோபா வழியாக மேற்கே சென்ற கை, கலிபோர்னியக் கடற்கரையில் தன் உறவினரைச் சந்தித்தது என்று கூறின் அது மிகையாகாது.

இதுவரை கண்ட மரபுகளில் கீழ்மீட்டே பெரும்பாலும் தலைமை வகித்தது. அவ்வாட்சியை முறைப்படி முடிவுக்குக் கொண்டுவந்தவருள் முதன்மையானவர் ஆங்கிலேயரான ஜோன் மக்லாக்லின் (பிறப்பு 1942). 1971இல் வெளிவந்த மகாவிஷ்ணு இசைக்குழுவின் முதல் இசைத்தட்டிலேயே ஐந்து, ஏழு என ஒற்றைப்படை எண்களில் அமைந்த தாளங்கள் பெருவழக்காயின. இத்தகைய தாளங்களில் மாற்றுமீட்டு தன் இயல்பான ஆதாரத்தை இழக்கிறது. ஐந்து சுரக் கூட்டம் ஒன்று கீழ்மீட்டில் தொடங்கின் அடுத்த கூட்டம் மேல்மீட்டில் தொடங்கும். வலியடி ஒருமுறை இறங்கும் கைக்கும் மறுமுறை ஏறும் கைக்கும் மாறி மாறிச் சேரும். ஆகவே ஏறும் கையும் இறங்கும் கையளவு வலிமை பெற்றாக வேண்டும். 1507ஆம் ஆண்டின் புள்ளி மெலியடிக்கு அடையாளம். மக்லாக்லினிடம் அவ்வேற்றத்தாழ்வு மறைந்துவிட்டது.

இவ்விடத்தில் கருநாடக இசையின் பங்கு மெய்யானது. மக்லாக்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். 1975இல் அவர் நிறுவிய சக்தி குழுவில் வயலின் வாசித்த எல். சங்கர், சென்னையில் பிறந்து இளமையை யாழ்ப்பாணத்தில் கழித்தவர், தந்தை வி. லட்சுமிநாராயணா அங்கு இசை பயிற்றினார். 1958ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் அக்குடும்பம் தமிழகம் திரும்பிற்று. கடம் வாசித்த ரி. எச். விநாயக்ராமும் தபலா வாசித்த ஜாகிர் உசேனும் கோத்த சொற்கட்டுகளின்மீது, வில்லும் பிளெக்ரமும் ஒரே சுரவரிசையில் ஒருங்கே ஓடின. வில்லோடு இணைந்து ஓடுவதற்குத் தயங்காத வலக்கை தேவை. பிற்காலத்தில் மக்லாக்லின், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷுடன் சேர்ந்து கொன்னக்கோல் பயிற்சிப் படமொன்றையும் வெளியிட்டார். பாரிஸ் மண்டலின் வயலினிடம் கற்றதுபோல இக்கிற்றாரும் அண்டைக் கருவியிடமும் வாய்ச்சொல்லிடமும் கற்றது எனலாம்.

1980ஆம் ஆண்டு டிசெம்பர் 5ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவில் மக்லாக்லின், அல் டி மியோலா, பாக்கோ டி லூசியா ஆகிய மூவரும் ஒரே மேடையில் வாசித்தனர். முன்னிருவர் கையில் பிளெக்ரம். ஸ்பானியரான டி லூசியாவோ சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி நடக்கும் தம் மரபு முறையால் அவர்களுக்கு இணையாக ஓடினார். கருவி எதுவாயினும் மாறி மாறி இயங்குதலே விரைவின் வேர் என்பதற்கு அவ்விசைத்தட்டைவிடச் சிறந்த சான்று காண்பது அரிது.

இத்தகையோரின் புகழால் 1980களில் கண்டிப்பான மாற்றுமீட்டு பாடநூல்களில் சட்டமாகிவிட்டது. மெற்றோனோமை மெதுவாக வைத்துத் தொடங்குக, படிப்படியாக உயர்த்துக, வரிசை ஒருபோதும் குலையலாகாது என்பதே போதனை. ஆண்டுக்கணக்கில் உழைத்தும் தடைப்பட்டு நின்றோர் தம் உழைப்புப் போதாது எனக் கருதினர். இருபத்தோராம் நூற்றாண்டில் ட்ரோய் கிரேடி என்னும் அமெரிக்கர் கிற்றாரிலேயே கமராவைப் பொருத்தி, விரைந்து வாசிப்போரின் வலக்கையைப் படம்பிடித்து மெதுவாக ஓட்டிப் பார்த்தார். பிளெக்ரம் தந்திகளின் தளத்திற்குச் சாய்வாகவே பயணம் செய்வது அதிற் புலனாயிற்று. ஒருவகைச் சாய்வில் மேல்மீட்டின் முடிவில் அது தந்திகளுக்கு வெளியே வந்து நிற்கும். கீழ்மீட்டின் முடிவிலோ இரு தந்திகளுக்கிடையே சிறைப்படும். ஆகவே அச்சாய்வு உடையோர் ஒவ்வொரு தந்தியிலும் இரட்டைப்படை எண்ணிக்கையான சுரங்களை வைத்து, மேல்மீட்டு முடிந்த பின்னரே தாவினர். மாறாகத் தாவ நேர்ந்தபோது வரிசையைக் குலைத்து அடுத்த தந்திக்கு வழுக்கிச் சென்றனர். 1984ஆம் ஆண்டில் தம் முதல் தனித்தட்டை வெளியிட்ட சுவீடன் நாட்டு இங்வே மால்ம்ஸ்டீனின் கை இவ்வாறே இயங்கிற்று. ஆயினும் தாம் இவ்வாறு செய்வதை இத்தகைய வாசிப்பாளருட் பலர் சொல்லால் விளக்கியதில்லை. கை அறிந்ததை வாய் அறியவில்லை.

இவ்வொளியில் ரைன்ஹாட்டின் முறையும் புதிதாகப் புலப்படுகிறது. பாடநூலின் நோக்கில் விதிமீறலாகத் தோன்றிய அவரது அடுத்தடுத்த கீழ்மீட்டுகள், அதே சாய்வு உடைய கை மறுதந்திக்கு வழுக்கிச் செல்லும் வழியே ஆகும். 1938ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட 'ஜாஸ் ஹொட்' என்னும் குறும்படத்தில் அவரது வாசிப்பு ஒலியோடு பதிவாகியுள்ளது. நெடுங்காலம் அப்படத்தில் ஊறுபட்ட இடக்கையையே பார்த்து வியந்தோர், இப்பொழுது அதன் வலக்கையைப் பார்க்கத் தொடங்கியுள்ளனர்.