கடைசல் இயந்திரத்தின் நடுக்கம்

சீராக இரைந்துகொண்டிருக்கும் கடைசல் இயந்திரம் திடீரெனக் கிறீச்சிட்டு அலறுவதைத் தொழிற்சாலைகளின் அருகே நம்மிற் பலர் கேட்டிருப்போம். அவ்வொலி எழுந்தால் உளியின் முனை சிதையும். எஃகின் பரப்பில் அலையலையாகத் தழும்பு விழும். அனுபவமுள்ள தொழிலாளி உடனே வேகத்தைக் குறைப்பார். அவருக்குக் காதே அளவுகோல். அக்காதின் அறிவு கணக்காக மாறிய வரலாற்றை இங்குக் காண்போம்.

அமெரிக்கப் பொறியியலறிஞர் பிரெடரிக் டெய்லர், உலோகம் வெட்டும் கலையை 26 ஆண்டுகள் ஆராய்ந்தார். அவர் நடத்திய சோதனைகள் 30,000க்கு மேல்; சீவித் தள்ளிய இரும்பும் எஃகும் 8,00,000 ராத்தலுக்கு மேல். வேகத்தையும் ஆழத்தையும் உளியின் வடிவத்தையும் விதிகளாக வகுத்த அவர், 1906ஆம் ஆண்டில் தம் முடிவுகளை எடுத்துரைத்தபோது, இந்நடுக்கமே யாவற்றினும் இருண்ட சிக்கல் என்றும், தொழிலாளிக்கு வழிகாட்டும் விதி இதற்கு அமைவது அரிதென்றும் ஒப்புக்கொண்டார்.

தெளிவு 1950களில் பிறந்தது. பிராக் நகரில் ட்லுஸ்டியும் இங்கிலாந்தில் டோபியாஸும் இதனை ஆராய்ந்தனர். உளி ஒரு சுற்றில் சற்றே நடுங்கினால், பரப்பில் நுண்ணிய அலை பதிகிறது. மறு சுற்றில் உளி அவ்வலையின் மீதே வந்து வெட்டுகிறது. சீவலின் கனம் கூடிக் குறைகிறது. உளி தாங்கும் விசையும் அவ்வாறே மாறி நடுக்கத்தை வளர்க்கிறது. முந்திய சுற்றின் பிழையே அடுத்த சுற்றின் பிழைக்குக் காரணமாகிறது.

இதிலிருந்து வியப்பானதொரு முடிவு கிடைத்தது. பழைய அலையும் புதிய அலையும் ஒத்துச் சென்றால் சீவலின் கனம் மாறாது. நடுக்கம் ஊட்டமின்றி அடங்கும். ஆகவே வேகத்தைக் குறைப்பது ஒன்றே மருந்தன்று. சில வேளைகளில் கூட்டுவதே மருந்தாகும். இன்று விசையை அளக்கும் சுத்தியால் உளிமுனையை மெல்லத் தட்டி, எழும் அதிர்வைப் பதிவு செய்கின்றனர். அவ்வளவையும் உலோகத்தின் எதிர்ப்பையும் கொண்டு, எந்த வேகத்தில் எத்துணை ஆழம் வெட்டலாம் என முன்கூட்டியே வரைபடம் வரைந்துவிடுகின்றனர்.

நம் நாட்டில் 1962ஆம் ஆண்டு, செக்கோஸ்லோவாகியாவின் ஒத்துழைப்புடன், மத்திய இயந்திரக் கருவி நிலையம் பெங்களூரில் தோன்றியது. இயந்திரங்களைப் படைக்கும் இயந்திரத்தை நாமே படைக்க முற்பட்ட காலம் அது. பிறர் வரைந்த படத்தைப் பார்த்து ஓர் இயந்திரத்தைச் செய்துவிடலாம். அது ஏன் நடுங்குகிறது என்பதை அறியாமல், அடுத்ததை நம் அறிவால் ஆக்க இயலாது. தொழிலாளியின் காது எழுப்பிய ஐயத்தைப் புறக்கணியாது ஆராய்ந்ததாலன்றோ இவ்வறிவு வளர்ந்தது!