வாவியை நோக்கி வரும் வெள்ளம்

மட்டக்களப்பிலே ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,650 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. இச்சராசரியைக் கொண்டு அங்குள்ள ஆறுகளின் போக்கை அறிய முற்படுவோர் ஏமாற்றமே அடைவர். அம்மழையிற் பாதிக்கு மேற்பட்டது கார்த்திகை முதல் தை வரையுள்ள மூன்று மாதங்களிலே கொட்டித் தீர்ந்துவிடும். ஆனி ஆடியிலோ, தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஈரத்தை இழந்து, வறண்ட கச்சானாக வந்து வீசும்.

மழைமானி ஒன்றே ஆற்றின் கதையைக் கூறிவிடாது. கோடையில் வெடித்த நிலத்தில் ஐப்பசியில் விழும் முதல் மழையை மண்ணே குடித்துவிடும்; எஞ்சியதை உன்னிச்சை, உறுகாமம், நவகிரி முதலிய குளங்கள் ஏந்திக்கொள்ளும். மண் நனைந்து குளங்களும் நிரம்பிய பின்னர், மார்கழியில் அதே அளவு மழை பெய்யுமாயின் அதன் பெரும்பங்கு முந்தனையாறு முதலியவற்றின் வழியே தாழ்நிலத்துக்கு விரையும். ஆதலின் நீரியல் அறிஞர் இன்றைய மழையோடு முந்திய வாரங்களின் மழையையும் சேர்த்தே வெள்ளத்தைக் கணிக்கின்றனர்.

பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துக் கட்டிய சேனநாயக்க சமுத்திரம் 770,000 ஏக்கர் அடி நீரைக் கொள்ளவல்லது. கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியபோது வெள்ளத்தைத் தடுப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்றாயிருந்தது. எனினும் 1957 மார்கழிப் பெருமழையில் கிழக்கின் தாழ்நிலங்கள் வெள்ளத்துள் ஆழ்ந்தன. அணைக்கு மேலே பெய்வதை அணை தாங்கும். அதற்குக் கீழே பெய்வதை அது என் செய்யும்?

வந்து சேரும் நீருக்கு வாவியே புகலிடம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்ட அவ்வாவி, நகருக்கு அணித்தான முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றிலும் கடலோடு கலக்கிறது. வறட்சிக் காலத்தில் அலைகள் அங்கே மணற்றிட்டை எழுப்பி வாயை அடைத்துவிடும். வெள்ளம் பெருகும்போது திட்டை வெட்டிவிடுதல் வழக்கம். எப்போது வெட்டுவது என்பதே வினா. படுவான்கரையில் வயல் மூழ்கும் உழவனுக்கு அது நேற்றே வெட்டப்பட்டிருக்க வேண்டும். வாவியை நம்பி வலை வீசுவோனோ, வெட்டினால் நீர் வடிந்து உவர் ஏறுமே என்று அஞ்சுவான்.

2011 தைமாத வெள்ளத்தில் இலங்கை முழுவதும் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். மட்டக்களப்பும் அம்பாறையும் பெரிதும் நலிந்தன. பெரும்போகப் பயிர் விளைந்து வரும் வேளை அது. மண் உலர அவகாசமின்றி, மாசியில் வெள்ளம் மீண்டும் வந்தது.