கோலம் நம்மளோடது, வாசல் யாரோடது?

இன்னைக்கு ஒரு சின்ன சொந்தக் கதையோட ஆரம்பிக்கிறேன். காலேஜ் படிக்கும்போது ஒரு ஆன்லைன் கேம்ல மூணு வருஷம் உட்கார்ந்து ஒரு தெருவையே கட்டினேன். ஒரு நாள் லாகின் பண்ணா, கணக்கு முடக்கப்பட்டிருக்கு. ஏன்னு கேட்டு மெயில் போட்டேன். ‘விதிமுறைகளைப் படிக்கவும்’னு ஒரு வரி பதில் வந்துச்சு. அன்னைக்குத்தான் அதை முதல்முறையா முழுசா படிச்சேன். நான் கட்டின எதுவுமே என்னோடது இல்லைன்னு தெளிவா எழுதியிருந்தாங்க.

இதை யாருமே எதிர்த்துக் கேட்கலையான்னு தேடினேன். கேட்டிருக்காங்க!

2003 ஜூன் மாசம், சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த லிண்டன் லேப் நிறுவனம் ‘செகண்ட் லைஃப்’ங்கிற மெய்நிகர் உலகத்தைத் திறந்தது. அங்கே ஜெயிக்க வேண்டிய ஆட்டம்னு எதுவும் கிடையாது. வீடு, துணி, வண்டி எல்லாத்தையும் பயனர்களே உருவாக்கணும். ஆனா உருவாக்குற பொருளுக்கெல்லாம் வரி போட்டாங்க. உலகத்தையே நாங்கதான் கட்டுறோம், எங்களுக்கே வரியான்னு பயனர்கள் கொதிச்சாங்க. 1773-ல பாஸ்டன் துறைமுகத்துல தேயிலைப் பெட்டிகளைக் கடல்ல வீசின போராட்டம் ஞாபகம் இருக்கா? அதே மாதிரி, செகண்ட் லைஃபுக்குள்ள தேயிலைப் பெட்டிகளை அடுக்கிப் போராடினாங்க. கடைசியில அந்த வரி முறை போச்சு.

அதே வருஷம் நவம்பர்ல இன்னும் பெரிய அறிவிப்பு வந்தது. பயனர்கள் உருவாக்குறதோட காப்புரிமை இனி பயனர்களுக்கே! சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெஸ்ஸிக் இதுக்கு ஆலோசனை சொன்னவர்கள்ல ஒருத்தர். அந்தக் காலத்து ஆன்லைன் கேம் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் எல்லா உரிமையையும் கம்பெனிக்கே எழுதி வெச்சதால, இது நிஜமாவே பெரிய மாற்றம்.

ஆனா உரிமையைக் கொடுத்தா போதுமா, அதைக் காப்பாத்த வேண்டாமா? 2006 நவம்பர்ல ‘காப்பிபாட்’னு ஒரு மென்பொருள் பரவுச்சு. அடுத்தவங்க செஞ்ச சட்டையை, வீட்டை அப்படியே நகல் எடுத்துடும். அதை வித்து சம்பாதிச்சவங்க பயந்துபோய், கடைகளை மூடிப் போராட்டம் பண்ணாங்க. அனுமதி இல்லாம நகலெடுக்க அதைப் பயன்படுத்துறது விதிமீறல்னு கம்பெனி அறிவிச்சது.

அதே வருஷம் இன்னொரு சண்டை. பென்சில்வேனியாவைச் சேர்ந்த மார்க் பிராக், தொழில்ல வக்கீல். செகண்ட் லைஃப்ல 300 டாலருக்கு ஒரு நிலம் வாங்கினார். ஏலத்துல குறுக்குவழியில நுழைஞ்சு வாங்கினார்னு சொல்லி, கம்பெனி அவரோட கணக்கையே முடக்கிடுச்சு. அந்த நிலத்தோட சேர்த்து, அவர் முன்னாடி வாங்கி வெச்சிருந்த மத்த சொத்தும் கை விட்டுப் போச்சு. அவர் நீதிமன்றம் போனார்.

‘ஒப்பந்தப்படி சான் பிரான்சிஸ்கோவுல நடுவர் முன்னாடிதான் பேசணும்’னு கம்பெனி வாதாடுச்சு. 2007 மே மாசம் நீதிபதி எடுவார்டோ ராப்ரெனோ அதை ஏத்துக்கல. ஒரு பக்கம் மட்டுமே சாயுற, நியாயமில்லாத விதின்னு சொல்லிட்டார். காரணமே சொல்லாம கணக்கை மூடலாம்ங்கிற விதியையும் அவர் கவனிச்சார்.

சரி, அந்த நிலம் யாருக்குச் சொந்தம்? அதே வருஷம் ரெண்டு தரப்பும் சமரசம் ஆகிட்டாங்க. பிராக்குக்குக் கணக்கு திரும்பக் கிடைச்சது. அந்தக் கேள்விக்கு மட்டும் தீர்ப்பு வரவே இல்ல.

எனக்கு இதுல புரிஞ்சது இதுதான். காப்புரிமைங்கிறது நான் போட்ட கோலத்தோட டிசைனுக்கு. வாசல் அவங்களோடது. அவங்க தண்ணி ஊத்திக் கழுவிட்டா, டிசைன் என்னோடதுன்னு சொல்லலாம். ஆனா கோலம் போனது போனதுதான்.

அதனால அடுத்த தடவை ‘ஒப்புக்கொள்கிறேன்’ பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி ரெண்டே ரெண்டு விஷயம் தேடிப் பாருங்க. நீங்க செஞ்சதை வெளியே எடுத்துட்டுப் போக முடியுமா? கணக்கை மூடினா, காரணம் கேட்க இடம் இருக்கா? நான் பார்க்கல. என் தெரு இப்போ என் ஞாபகத்துல மட்டும்தான் இருக்கு.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.