பெரிய எல், சின்ன எல்

திருவெறும்பூர்க்காரர்களிடம் ஊர்ப் பெயருக்கு எந்த 'ர' என்று கேட்டுவிடாதீர்கள். தேவர்கள் எறும்பு உருவெடுத்து வந்து சிவனை வணங்கிய ஊர் என்பது கதை. குன்றின் மேலே இருப்பவர் எறும்பீஸ்வரர். எறும்புக்கு வல்லின றகரம்தான். மாற்றி எழுதினால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூடத் திருத்தும். ஆனால் ஆங்கிலப் பெயர்ப்பலகையில் ர, ற இரண்டுக்கும் ஒரே எழுத்து. பக்கத்தில் திருச்சிராப்பள்ளிக்கும் அதே கதி. பள்ளியா பல்லியா என்பது ஊர் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இதைச் சரிசெய்ய அச்சுலகம் ஒரு வழி வைத்திருந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924-இலிருந்து 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகனைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு சொல்லுக்கும் ரோமன் வடிவம் இருக்கும். ளகரத்துக்கு எல்லின் அடியில் ஒரு புள்ளி, றகரத்துக்கு ஆரின் அடியில் ஒரு கோடு.

கணினியில் அந்தப் புள்ளிக்கு இடமில்லை. ஆஸ்கி குறியீட்டில் மொத்தமே 128 இடங்கள். 1963-இல் வந்த அதன் முதல் வடிவத்தில் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. சின்ன எழுத்துகள் 1967-இல் சேர்ந்தன. பெரிய 'ஏ' 65, சின்ன 'ஏ' 97. ஒவ்வொரு ஜோடிக்கும் இடைவெளி 32.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. தொண்ணூறுகளில் யூஸ்நெட்டின் தமிழ்க் குழுவில் எழுதியவர்களுக்குத் தமிழ் எழுத்துரு கைக்கு எட்டவில்லை. யூனிகோடில் 1991-லேயே தமிழ் இருந்தது. விண்டோஸ் அதைப் புரிந்துகொள்ள விண்டோஸ் 2000 வரவேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தும் இரண்டு முறை இருக்கிறதே, ஒன்று நமக்கு உபரிதானே என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சின்ன எல் ல, பெரிய எல் ள. சின்ன ஆர் ர, பெரிய ஆர் ற. சின்ன 'ஏ' குறில், பெரிய 'ஏ' நெடில். ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகம் லெக்சிகனை இணையத்துக்குக் கொண்டுவந்தபோதும் இந்த மாதிரி ஒரு முறைதான். ஷிஃப்ட் விசை தமிழ் இலக்கணத்துக்குள் வந்துவிட்டது!

நண்பன் ஒருவன் தன் பெரியப்பாவின் பழைய கணினியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து வந்தான். பெரியப்பா தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், ஓய்வுக்குப் பிறகு சொற்கள் சேகரித்தவர், காலமாகிவிட்டார். மைக்ரோசாஃப்ட் அக்சஸில் இரண்டு டேபிள்கள். ஒன்றில் சொல்லும் பொருளும். இன்னொன்றில் அதே சொல்லும், அது புழங்கிய வாக்கியமும். எல்லாம் ரோமன் எழுத்தில். சொல் பத்தியை பிரைமரி கீயாக வைக்காமல் வெறும் வரிசை எண்ணை வைத்திருந்தார். ஏன்னு அப்போது எனக்குப் புரியவில்லை.

இரண்டையும் கோடு போட்டு இணைத்தேன். 'கொல்' என்று தேடினால் 'கொள்' வாக்கியங்களும் வந்து நின்றன. கல், கால், கள் மூன்றும் இரண்டு டேபிளிலும் ஒவ்வொரு வரி; இணைத்தால் மூன்று வரி வரவேண்டும், வந்தது ஒன்பது. கல்லுக்குக் காலின் வாக்கியம், காலுக்குக் கள்ளின் வாக்கியம். அக்சஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். சொல்லை பிரைமரி கீ ஆக்கியிருந்தால் கொல் இருக்கும் இடத்தில் கொள்ளைச் சேர்க்கவே விட்டிருக்காது.

அக்சஸைத் திட்டுவது நியாயமில்லை. ஒருவர் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்தாலும் சின்ன எழுத்தில் அடித்தாலும் ஆள் ஒருவர்தானே; ஆங்கிலப் பெயர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. மைசீக்வலும் அப்படித்தான். ஸ்வீடனில் பிறந்ததால், 2018-இல் 8.0 பதிப்பு வரும்வரை அதன் இயல்பான ஒப்பீட்டு விதி ஸ்வீடிஷ் அகரவரிசை. போஸ்ட்கிரெஸும் ஆரக்கிளும் இயல்பாகவே வேறுபடுத்தும்.

அக்சஸில் வழி இருக்கிறது. கோட்டை எடுத்துவிட்டு, எஸ்க்யூஎல் பார்வையில் இணைப்பு நிபந்தனையாக 'ஸ்டிரிங் கம்பேர்' செயற்கூறை எழுத வேண்டும். மூன்றாவது மதிப்பாக 0 கொடுத்தால் எழுத்தின் எண்ணை வைத்தே ஒப்பிடும். விடையும் 0 என்றால் இரண்டும் அச்சாக ஒன்று. அதன் பிறகு வடிவமைப்புப் பார்வை அந்த இணைப்பைக் காட்ட மறுக்கும். இன்டெக்ஸ் உதவாது என்பதால் மெதுவாகவும் ஓடும். மைசீக்வல் என்றால் அந்தப் பத்திக்கு 'பின்' என்று முடியும் ஒப்பீட்டு விதியைக் கொடுத்தால் போதும்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். முதல் நாள் அந்த ஒன்பது வரியைப் பார்த்ததும் நான் செய்தது வேறு. பெரியவர் கேப்ஸ் லாக்கை அணைக்கத் தெரியாமல் அடித்திருக்கிறார்னு நினைத்து, இரண்டாவது டேபிள் முழுவதையும் சின்ன எழுத்தாக மாற்றிச் சேமித்துவிட்டேன். சொற்கள், வாக்கியங்கள், எல்லாம். நகல் எடுக்கவில்லை.

முதல் டேபிள் தப்பித்தது. இரண்டாவதை நண்பனும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் வரிவரியாகப் படிக்கிறோம். பெரும்பாலும் வாக்கியமே சொல்லிவிடுகிறது. போன வாரம் ஒன்றில் மாட்டிக்கொண்டோம். யாரோ ஒருவரின் மனம் ஊரெல்லாம் தெரிந்தது என்று ஒரு வரி. மனமா மணமா? இரண்டும் பொருந்துகிறது. பெரியப்பா இருந்தால் கேட்டிருக்கலாம். இப்போதைக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறோம்.