சிறு மீன்படகின் தளம்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழரின் கடல் வாழ்வைப் பற்றி எழுதப் புகுவார் பெருங்கலங்களையே பெரிதும் நோக்குவர். வாணிகம், பட்டினம், படையெடுப்பு என்பன அவர்தம் ஆராய்ச்சிக்குப் பொருளாயின. வைகறையில் கடலுட் புகுந்து பகலில் மீளும் சிறு மீன்படகின் உள்ளே, மீனவன் காலூன்றி நிற்கும் தளத்தின்மேல் அறிஞர் பார்வை அவ்வளவாகச் சென்றதில்லை. அதனை ஆராய்வதே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

தளம் என்பது படகின் ஒரு சிறு உறுப்பே எனினும், கடல்நீரோடு மீனவன் செய்துகொண்ட உடன்பாடு அதன்கண் விளங்குகின்றது. எத்துணைச் செம்மையாகக் கட்டினும் படகினுள் நீர் வாராதிருத்தல் அரிது. வந்த நீரை என் செய்வது என்னும் வினாவிற்கு நம் கடற்கரை மூன்று விடைகளை அளித்துள்ளது. நீரைப் போகவிட்ட தளம், நீரை இறைத்த தளம், நீரை மறைத்த தளம் என அவற்றைப் பகுத்துக் காண்பாம்.

நீரைப் போகவிட்ட தளம்

கட்டுமரம் சோழமண்டலக் கரையின் சிறப்புடைய படைப்பு. இதன் பெயர் ஆங்கிலத்திற் புகுந்து, இன்று வேறொருவகை இரட்டைக் கலத்தைக் குறித்து உலகெங்கும் வழங்குகின்றது. கி.பி. முதல் நூற்றாண்டினதாகிய 'பெரிப்புளூசு' என்னும் கிரேக்க நூல், இக்கரைத் துறைகளைக் கூறுமிடத்து, மரங்களைப் பிணைத்துச் செய்த 'சங்கர' என்னும் கலங்களைச் சுட்டுகின்றது. அச் சொல்லைச் 'சங்காடம்' என்பதனோடு ஒப்பிடுவர். மரத்தோடு மரம் பிணைக்கும் தொழில் இக்கரையில் பழமை வாய்ந்தது என்பதற்கு இஃது ஒரு சான்றாம்.

சென்னை மாகாண மீன்துறையின் தலைவராயிருந்த சேம்சு ஆர்னெல், 1920-ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்தியப் படகு வடிவங்களைப் பற்றிய ஆராய்ச்சியில் கட்டுமரத்திற்குச் சிறப்பிடம் தந்தார். நடுமரம் தாழவும் ஓரமரங்கள் சற்றே உயரவும் அமைந்த அதன் வடிவிலே படகின் சாயல் உண்டு. ஆயினும் அதற்கெனத் தனித்தளம் இல்லை. மிதக்கும் மரமே தளம், தளமே கலம். அலை மேலே ஏறினால் மரங்களின் இடைவெளி வழியே அப்போதே வடிந்துவிடும். எனவே இறைக்கவேண்டிய தொல்லை இல்லை. நீர் நிரம்பி மூழ்குதலும் இல்லை.

இதனினும் நோக்கற்பாலது ஒன்றுண்டு. கரை சேர்ந்தபின் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்துதல் மீனவர் வழக்கம். மலைவேம்பு முதலிய இலேசான மரங்கள் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். உலர்ந்தாலன்றி மறுநாள் நன்கு மிதவா. ஆகவே, நாள்தோறும் பிரிக்கப்பட்டு நாள்தோறும் இடப்பட்ட தளம் இது. அதன் எப்பகுதி நைந்தது, எப்பகுதி கனத்தது என்பதை மீனவன் தன் தோளாலேயே அறிந்திருந்தான்.

இம்முறையை அளவின்றிப் புகழ்தலும் பொருந்தாது. கட்டுமரத்தில் தொழில் செய்வோன் நாள் முழுதும் நீரில் நனைந்தே கிடந்தான். மீனுக்கும் வலைக்கும் வைப்பிடம் குறைவு. நீரைப் போகவிட்டதற்கு அவன் தன் உடலால் விலை கொடுத்தான் என்பதே உண்மை.

நீரை இறைத்த தளம்

பலகைப் படகுகளின் நெறி வேறு. சென்னைக் கடற்கரையில் அலை கடந்து ஆளும் சரக்கும் ஏற்றி இறக்கிய 'மசூலா' என்னும் தைத்த படகுகளைப் பற்றி, திருக்கோணமலையிற் கப்பல் கட்டும் பணியிலிருந்த சான் எடை என்பார் 1834-இல் வெளியான கட்டுரையில் விரித்துரைத்தார். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, தையலின்கீழ் நார்த்திணிப்பு வைத்து இறுக்குவர். விலாச்சட்டம் இல்லாமையால் படகு அலையின் அறைக்கு நெகிழ்ந்து கொடுக்கும். ஆனால் தையல்வாய் கசியும். கசிந்த நீரை இறைத்தல் வேண்டும்.

ஏராவும் வங்கும் உடைய வள்ளங்களிலும் இறைத்தல் நின்றபாடில்லை. ஏரா என்பது அடிமரம். வங்கு என்பது விலாச்சட்டம். படகு செய்யும் தச்சன் ஓடாவி. பலகை இடுக்கை அடைத்தல் கலப்பற்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி பேணியுள்ள இச் சொற்கள், நம் மொழியில் இத்தொழில் எத்துணை நுணுக்கமாக வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டுவன. வங்குகளுக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பிய பலகைகளே உள்தளம். அவற்றை ஆணியடித்து இறுக்காது, எடுத்து வைக்கும்படி விடுதலே சிறந்த முறையாகும். பலகையைத் தூக்கினால் அடியில் தங்கிய நீர் கண்ணுக்குத் தோன்றும். இறைகலம் உள்ளே செல்லும். கலப்பற்று விட்ட இடம் தெரியும்.

பலகைக்கு அயினி விரும்பப்பட்டது. வளைந்த வங்கிற்குக் கருவேல் போன்ற உறுதியான மரங்கள் உதவின. குங்கிலியத்தை எண்ணெயிற் காய்ச்சி இடுக்குகளை அடைத்தனர். புன்னை எண்ணெயும் மீனெண்ணெயும் பூசிக் கப்பற்புழுவையும் உளுத்தலையும் தடுத்தனர்.

படகின் முதுமை நம் பழம்புலவர் கண்ணுக்குத் தப்பவில்லை. ஆண்டு பல அலை மோதியதால் நைந்து தொழிலொழிந்த அம்பியைப் புன்னை நிழலில் மரத்தடியிற் கட்டிவைத்த காட்சியை அம்மூவனார் நற்றிணையின் 315-ஆம் பாட்டில் அமைத்துள்ளார். உழைத்து ஓய்ந்த எருதை உழவர் புல்லுடைய தோப்பில் விட்டுவிடுதலை அதற்கு உவமையாக்குகின்றார். படகு முதுமை எய்தும் என்பதும், அம் முதுமையை உரியவன் கண்டறிந்து ஓய்வு தருவான் என்பதும் இதனாற் பெறப்படும். கண்டறிதல் என்னும் இச்செயலே நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது.

நீரை மறைத்த தளம்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொறிகளும் புதுப்பொருள்களும் வந்தன. 1979-இல் தொடங்கிச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நடந்த வங்கக்கடல் மீன்வளத் திட்டம், அலை கடந்து கரையேறும் படகு வடிவங்களை ஆராய்ந்தது. குமரிக் கரையில் முட்டம் என்னும் ஊரில் ஒட்டுப்பலகைப் படகு கட்டும் முயற்சி வேர்விட்டது. பின்னர்க் கண்ணாடியிழைப் படகு, மீனவர் வாய்மொழியில் 'பைபர் போட்டு', பரவலாயிற்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கரையிலிருந்த கலங்களைச் சிதைத்தபின், உதவியாக வழங்கப்பட்டவற்றுட் பெரும்பாலன இவ்வகையினவே. கட்டுமரங்கள் பல கரைகளில் அருகிப்போயின.

கண்ணாடியிழையின் நன்மைகளை மறுத்தல் நடுநிலை ஆகாது. அதனைப் புழு அரிப்பதில்லை, கலப்பற்று வேண்டுவதில்லை, ஆண்டுதோறும் எண்ணெய் பூசும் செலவும் இல்லை. ஆயினும் தளத்தைப் பொறுத்தவரை ஒரு புதிய இடர் புகுந்தது. வார்த்தெடுத்த உடலின் உட்புறம் மரச்சட்டங்களை வைத்து, அவற்றின்மேல் ஒட்டுப்பலகையைப் பரப்பி, ரெசினும் கண்ணாடியிழையும் இட்டு முற்றும் மூடிவிடுவர். அடியில் மிதவைக்காக நுரைக்கட்டிகளை அடைப்பதும் உண்டு. மேலே பார்த்தால் தளம் வழவழப்பாகத் தோன்றும். கீழே நடப்பது யாதென்று அறிய வழியில்லை.

திருகாணிக்கென இட்ட ஒரு சிறு துளை போதும், நீர் உட்புகும். உட்புகுந்த நீர் வெளியேற வாயில் இல்லாமையால் ஒட்டுப்பலகையை உள்ளிருந்தே உளுக்கச் செய்யும். சிதைந்த நுரையும் நாளடைவில் நீரை ஏற்கும். படகு கனக்கும், எரிபொருள் மிகுதியாகச் செலவாகும், கடல்மட்டத்திற்கு மேலே நிற்கும் விளிம்பு தாழும். காலடியில் தளம் மெத்தென அமுங்கும்போதுதான் மீனவன் அறிகின்றான்.

இதன் அளவைக் கணக்கிட்டுக் காண்பாம். 6 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள தளத்தின்கீழ் 10 சென்டிமீட்டர் உயரம் நீர் நிற்பதாகக் கொள்வோம். அது 600 லிட்டர். ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 1.025 கிலோ எடையுள்ளதாகலின் 615 கிலோ ஆகும். ஓராள் 65 கிலோ எனின், ஒன்பது பேருக்கு மேல் ஏற்றியதற்கு ஒப்பாம். அன்றியும், அவ்வொன்பதின்மரும் படகு சாயும் பக்கத்துக்கே ஓடும் இயல்பினர் என்க. ஏனெனில் தங்கிய நீர் சாய்ந்த பக்கமே பாயும். பாய்ந்து அச்சாய்வை மேலும் மிகுவிக்கும். மறைந்திருக்கும் நீர் உயிருக்கு இறுதி விளைப்பது இவ்வாறே.

புதுத் தளம் இடும் முறை

இவ்வரலாற்றை உளங்கொண்டு நோக்கின், பழுதுற்ற தளத்தை மாற்றுவோர் கடைப்பிடிக்கத்தக்க நெறிகள் புலனாகும். முதலாவது, பழைய தளத்தின்மேல் புதியதை ஒட்டுதல் கூடாது. முற்றும் பெயர்த்து, உளுத்த சட்டத்தையும் நீரேறிய நுரையையும் அகற்றி, படகின் உடலை நன்கு உலரவிடுதல் வேண்டும். ஈரத்தின்மேல் ரெசின் பற்றாது.

அடுத்தது பொருளைத் தேர்தல். ஒட்டுப்பலகையாயின் இந்தியத் தரக்குறி ஐ.எசு. 710 உடைய கடற்பயன் பலகையே ஏற்றது. 12 மில்லிமீட்டர் கனமுள்ள பலகை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 8 கிலோ எடையுள்ளது. முற்கூறிய தளத்திற்கு 48 கிலோ ஆகும். கனத்த பலகை உறுதி தரும் என்று கருதி இரட்டித்தல், படகிற்கு மேலும் ஓராளை நிலையாக ஏற்றுவதை ஒக்கும். தாளில் அளவு எடுத்து வெட்டிய பின்னர், மேற்புறம் மட்டுமன்றி அடிப்புறத்தையும், சிறப்பாக விளிம்புகளையும் ஆணித்துளைகளையும் ரெசினால் நன்கு மூடுதல் வேண்டும். ஒட்டுப்பலகை நீரை உண்பது பெரும்பாலும் விளிம்பு வழியாகவே. இரும்பாணி துருவேறும், துருவேறா எஃகாணியே தக்கது. மேற்பூச்சில் மணல் தூவின், மீன்வழுவழுப்பிற் கால் சறுக்காது.

எல்லாவற்றினும் அரியது தளத்தின் உயரத்தைத் துணிதல். தளம் கடல்மட்டத்திற்கு மேல் இருந்தால், ஏறிய அலைநீர் பக்கத்துளை வழியே தானே வடியும். ஆனால் தளம் உயரின் ஆளும் வலையும் மீனும் உயர்ந்து, படகு எளிதிற் புரளும். தாழ்த்தினால் நிலைப்பு மிகும். நீரோ வடியாது, இறைக்கவேண்டும். கட்டுமரத்தின் நன்மையும் வள்ளத்தின் நன்மையும் ஈண்டு ஒன்றோடொன்று மோதுகின்றன. படகின் அகலத்தையும் சுமையையும் அறிந்தவன் மட்டுமே இதற்கு விடை கூறமுடியும். எல்லாப் படகிற்கும் ஒரே அளவு பொருந்தாது.

எவ்வுயரத்தில் இடினும் இரண்டு செய்திகள் தவிர்க்கலாகாதன. ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தின் அடியிலும் நீர் செல்லத் துளை விட்டு, நீர் பின்புறம் ஓரிடத்தில் கூடும்படி செய்தல் ஒன்று. அவ்விடத்தில் தளத்தைத் திறந்து பார்க்கவும் இறைக்கவும் மூடியோடு கூடிய வாயில் அமைத்தல் மற்றொன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மீன்படகின் தளம் நாகரிக வளர்ச்சியில் ஒரே நேர்க்கோட்டில் மேம்பட்டு வந்ததன்று என்பது பெறப்படும். ஒவ்வொரு தளமும் ஒரு நன்மையைத் தந்து ஒரு நன்மையைப் பறித்தது. கட்டுமரக்காரன் நனைந்தான், எனினும் தன் கலத்தை முற்றும் அறிந்தான். வள்ளத்தான் இறைத்துக் களைத்தான். எனினும் நீரின் அளவை அறிந்தான். கண்ணாடியிழைப் படகில் நிற்பவன் உலர்ந்த காலோடு நிற்கின்றான். தன் காலின்கீழ் நிகழ்வதை அறியும் வாய்ப்பை மட்டும் இழந்தான்.

அவ்வாய்ப்பு மீட்டற்கரியதன்று. ஒரு சிறு வாயிலும் சில துளைகளுமே அதற்குப் போதுமானவை. படகை வார்ப்போர் அவற்றை விட்டுவிடினும், தளம் மாற்றும் நாளில் உரியவன் கேட்டுப் பெறலாம். பழங்கலம் நைந்ததைக் கண்டறிந்து புன்னையடியில் ஓய்வு கொடுத்த நெய்தல் மக்களின் வழிவந்தோர்க்கு, தம் கலத்தின் உள்நிலையைக் காணும் உரிமை உண்டு என்பதே நம் துணிபு.